உங்களுக்குத் தெரியுமா? பென்னிகுவிக்கின் பக்கத்துக் கல்லறைகள்

● சிலமலை, போடி, கம்பம் என்று தேனிப் பக்கம் எங்கே போனாலும் பென்னிகுவிக் படம் கண்ணில் படும். பாலார்பட்டியில் அவர் பிறந்த ஜனவரி 15 அன்று அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணை கட்டிய அந்த மனிதர் அடக்கமாகியிருப்பது இங்கிலாந்தில், சர்ரே மாவட்டத்து ஃபிரிம்லி என்ற சிற்றூரில், புனித பேதுரு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில். 1911 மார்ச் 9 அன்று பக்கத்து ஊரான கேம்பர்லியில் காலமானார். 2022-ல் தமிழக அரசு அங்கே அவருக்குச் சிலை வைத்தது.

● அதே தோட்டத்தில் ஒரு பிரபல அமெரிக்கரும் இருக்கிறார்: எழுத்தாளர் பிரெட் ஹார்ட். கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போன கூட்டத்தின் சூதாடிகளையும் முரடர்களையும் கதைக்குள் கொண்டுவந்தவர். 1878-ல் தூதரக வேலையாக ஐரோப்பாவுக்கு வந்தவர், பிறகு ஊர் திரும்பவே இல்லை. 1902-ல் இறந்தார்.

● மூன்றாமவர் கதைதான் சென்னையையும் தொடுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த எம்டன் கப்பலை யார் மறப்பார்? அது ஜெர்மானியத் தளபதி ஸ்பீயின் படைப்பிரிவிலிருந்து தனியே பிரிந்து வந்த கப்பல். ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் நவம்பரில் எம்டனை முடித்தது. அடுத்த மாதமே ஃபாக்லாந்து தீவுகள் அருகே ஸ்பீயின் படையை மூழ்கடித்தவர் அட்மிரல் ஸ்டர்டி. அவருக்கும் ஃபிரிம்லி மண்தான். டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்ற விக்டரி கப்பலைக் காப்பாற்றப் பாடுபட்டவர் என்பதால், அந்தக் கப்பலின் மரத்திலேயே அவருக்குச் சிலுவை செய்தார்கள். பொருத்தமான மரியாதை!

● பெரியாறு அணைக்கு வடக்கே, காட்டுக்குள்ளும் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. கட்டுமானக் காலத்தில் 483 பேர் நோயால் இறந்ததாகக் கணக்கு. பொங்கலில் ஒரு பிடி இவர்களுக்கும் வைக்கலாம்.

● போடிமெட்டு ஏறி மூணாறு போகிறவர்கள் கிறிஸ்து ஆலயத்துக்குப் பின்னே உள்ள மேட்டில் ஏறிப் பாருங்கள். தேயிலைத் தோட்ட மேலாளர் நைட்டின் இளம் மனைவி எலினார், 1894 டிசம்பர் 23 அன்று காலராவில் இறந்து இங்கே புதைக்கப்பட்டார். ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-ல்தான்!