எளிய பாதுகாப்பு மென்பொருள்

கைபேசியிலும் கணினியிலும் உள்ள பாதுகாப்பு வசதிகளை, தொழில்நுட்பம் படிக்காதவரும் பிழையின்றிப் பயன்படுத்தும்படி வடிவமைக்கும் துறை ‘பயன்பாட்டுக்கு எளிய பாதுகாப்பு’ எனப்படுகிறது. பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், வீட்டில் உள்ளவருக்கு அதைப் பூட்டத் தெரியாவிட்டால் வீடு திறந்துதான் கிடக்கும். அப்படிப்பட்ட பூட்டைச் செய்தவரிடமும் குறை உண்டு என்பதே இத்துறையின் அடிப்படை.

தோற்றம்

இக்கருத்து கணினிக்கு முந்தையது. ஓகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883-இல் இராணுவ மறையெழுத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். (காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.) அதில் அவர் வகுத்த ஆறு விதிகளில் கடைசி விதி, மறையெழுத்து முறை எளிதாக இருக்க வேண்டும், பயன்படுத்துபவர் நீண்ட விதிப்பட்டியலை நினைவில் வைக்கும்படி இருக்கக் கூடாது என்கிறது. அவருடைய இரண்டாம் விதி பாடநூல்களில் இடம்பெற்றுப் புகழ் பெற்றது. ஆறாவது விதியைப் பலரும் மறந்துவிட்டனர்.

மறந்ததன் விளைவு 1999-இல் தெரிந்தது. மின்னஞ்சலை மறையாக்கம் செய்ய பில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பிஜிபி என்ற மென்பொருளின் ஐந்தாம் பதிப்பை, ஆல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் 12 பேரிடம் கொடுத்துப் பார்த்தனர். மின்னஞ்சல் பழக்கம் உள்ள அந்த 12 பேரில், 90 நிமிடங்களில் ஒரு கடிதத்தைச் சரியாகக் கையொப்பமிட்டு மறையாக்கம் செய்து அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மூவர் இரகசியத்தை மறையாக்கமே இல்லாமல் தவறுதலாக அனுப்பிவிட்டனர். மென்பொருளின் கணிதத்தில் பிழை இல்லை. பொதுச் சாவி, தனிச் சாவி என்ற சொற்களும் திரையில் இருந்த படங்களும் அவர்களைக் குழப்பின.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லா உரையாடல்களுக்கும் முழுமையான மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. பிரான்சில் இருக்கும் மகனுடன் பேசும் காரைக்கால் தாய் எந்தச் சாவியையும் உருவாக்கவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஆனாலும் அவர்கள் பேச்சு பூட்டப்பட்டே செல்கிறது.

யுபிஐயும் ‘பின்’ எண்ணும்

இந்தியாவில் இத்துறைக்கு மிகப் பெரிய பாடம் யுபிஐ. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016-இல் இதைத் தொடங்கியது. மீன் கடையிலும் தேநீர்க் கடையிலும் சதுரக் குறியீட்டு அட்டை வந்ததற்கு இதன் எளிமையே காரணம். அந்த எளிமையையே மோசடிக்காரர்களும் பிடித்துக்கொண்டனர்.

யுபிஐயில் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. பழைய குளிர்பதனப் பெட்டியை விற்க ஒருவர் விளம்பரம் கொடுத்தால், வாங்குவதாகச் சொல்பவர் பணம் அனுப்புவதற்குப் பதில் பணம் கேட்கும் வேண்டுகோளை அனுப்புவார். “பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்” என்பார். விற்பவர் எண்ணை இடுவார், பணம் போய்விடும்.

“பணம் பெற பின் எண் தேவையில்லை” என்று வங்கிகள் குறுஞ்செய்தியிலும் சுவரொட்டியிலும் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தன. இந்த அறிவுரை சரியானது. ஆனால் கணக்கில் மீதி எவ்வளவு என்று பார்ப்பதற்கும் அதே எண்ணைத்தான் இட வேண்டும். அங்கே பணம் எதுவும் போவதில்லை. ஒரே எண், ஒரே மாதிரியான திரை, இரண்டு வேறு விளைவுகள். இப்படி இருக்கும்போது, பின் எண் இட்டால் பணம் போகும் என்ற விதி மனத்தில் எப்படிப் பதியும்? பாடம் புரியவில்லை என்று மாணவரைக் குறை சொல்வதற்கு முன் பாடநூலைத் திருத்த வேண்டியிருந்தது.

திருத்தம் தாமதமாகத்தான் வந்தது. தனிநபர்களுக்கு இடையே பணம் கேட்கும் அந்த வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, பணம் பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே திரையில் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. எந்தப் பிரசாரமும் அடைக்க முடியாத ஒரு வழியை ஒரு வசதியை நீக்கியதே அடைத்துவிட்டது. சதுரக் குறியீட்டை அனுப்பி, பணம் பெற அதை ஸ்கேன் செய்யச் சொல்லும் ஏமாற்று வேலை மட்டும் இன்னும் இருக்கிறது.

இழப்பு யாருடையது என்பதிலும் வடிவமைப்புக்குப் பங்கு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை அறிவிக்கையின்படி, வங்கியின் குறையால் நேர்ந்த இழப்பை வாடிக்கையாளர் ஏற்க வேண்டியதில்லை. இரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு அவருடையது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவரையே சேரும். குழப்பும் திரையில் ஏமாந்ததைக் கவனக்குறைவு என்று சொல்வது எந்த அளவுக்கு நியாயம் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

ஒரு வீடு, ஒரு கைபேசி

பாதுகாப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு கைபேசி என்று எண்ணியே எழுதப்படுகின்றன. கடலோர வீடுகளில் நிலைமை வேறு. வங்கிக் கணக்கோடு இணைத்த எண் கணவரிடம் இருக்கும். படகு கரையை விட்டுத் தொலைவு சென்றதும் சிக்னல் போய்விடும், வீட்டில் மனைவிக்குத் தேவைப்படும் ஓடிபி வந்து சேராது. ஆகவே எண்ணையும் கடவுச்சொல்லையும் மகனிடமோ கடைக்காரரிடமோ சொல்லிவைக்கும் பழக்கம் உண்டாகிறது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை அங்கே எடுபடாது. குடும்பத்தில் இருவர் தத்தம் எண்ணோடு ஒரே கணக்கைப் பயன்படுத்த எளிய வழி இருந்தால் எடுபடும்.

மொழி மற்றொரு தடை. தமிழில் இயங்கும் செயலிகள் உண்டு. ஆனால் ‘அங்கீகரி’, ‘நிராகரி’ போன்ற சொற்கள் பள்ளிப் படிப்பு குறைந்தவருக்கு ஆங்கிலத்தைப் போலவே அயலானவை. “உங்கள் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் போகும். அனுப்பலாமா, வேண்டாமா?” என்று பெரிய எழுத்தில் கேட்டு, அதையே குரலிலும் சொல்லும் திரை எழுதக் கடினமானதல்ல.