புல்லட்டுக்கு ஒரு 'பி.பி' மீட்டர்! - ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுவது அவசியமா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கண்ணமங்கலம் தாண்டினால் சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். ஆடி மாதத்தில் கூட்டம் சொல்லி மாளாது. மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு காலையில் வேறொரு கூட்டத்தைப் பார்க்கலாம். ஜாக்கெட், ஹெல்மெட், பின்னால் கட்டிய பை சகிதம் பைக் பார்ட்டிகள்! போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, பீமன் அருவியில் குளித்து, நேரமிருந்தால் காவலூர் வானியல் ஆய்வகம் வரை ஒரு ரவுண்டு போய் வருவது இவர்கள் பிளான். ஜவ்வாது மலை அதற்குத் தோதான மலைதான்.

இந்த பைக் பிரியர்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "அண்ணே, ஆயில் பிரஷர் கேஜ் ஒண்ணு மாட்டிடலாமா?" ஆன்லைனில் பார்த்தால் குரோம் பூசிய குட்டி கடிகாரம் மாதிரி அழகாக இருக்கிறது. ஆனால், அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் மாட்டினால், நல்ல இன்ஜினைக்கூட சந்தேகப்பட வைத்துவிடும். தப்பாக மாட்டினாலோ, இல்லாத பிரச்னையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

முதலில் நம்ம ஊர் புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1955-ல் இருந்து சென்னை திருவொற்றியூரில் தயாரான வண்டி. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருந்த வீடுகளில், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன அம்மீட்டர் ஞாபகம் இருக்கும். பேட்டரிக்கு கரன்ட் வருகிறதா, போகிறதா என்று ஊசி ஆடிக் காட்டும். கரன்ட்டுக்கு மீட்டர் வைத்தவர்கள், ஆயிலுக்கு ஒரு சிவப்பு விளக்குகூட வைக்கவில்லை! இத்தனைக்கும் அந்த இன்ஜினில் கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருந்தது உருளைகள் அல்ல, ஃப்ளோட்டிங் புஷ். அதாவது, ஆயில் இல்லையென்றால் முதலில் அடிவாங்கும் ரகம்.

பேரிங் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. குண்டு அல்லது உருளை வைத்த பேரிங்குக்கு ஆயில் வந்து நனைத்துக்கொண்டே இருந்தால் போதும். அழுத்தம் பெரிதாகத் தேவையில்லை. புஷ் பேரிங் அப்படியல்ல. அங்கே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். பம்ப் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் படலம் நிற்கும். நின்றுபோனால் தேய்மானம், சூடு, கடைசியில் இன்ஜின் ஜாம். கார் இன்ஜின்களும், பெரிய பைக்குகளின் பல இரட்டை, நான்கு சிலிண்டர் இன்ஜின்களும் புஷ் ரகம். நம் தெருவில் ஓடும் ஸ்ப்ளெண்டர் மாதிரியான 100 சிசி வண்டிகளின் கிராங்க் பால் பேரிங்கில் சுற்றுகிறது. அதில் ஒரு கேஜை மாட்டினால், ஊசி அடிமட்டத்தில் படுத்துக்கிடப்பதைப் பார்த்து ஓனருக்குத்தான் பி.பி எகிறும். வண்டி பாட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்.எக்ஸ் 100 பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில், பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தே போகிறது. அங்கே இந்த கேஜுக்கு வேலையே இல்லை.

ஊசி எப்படி ஆடுகிறது?

திருவிழாக் கடைகளில் ஒரு பீப்பி விற்பார்கள். ஊதினால் சுருள் பிரிந்து நீளும், விட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும். ஆயில் பிரஷர் கேஜுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட அதேதான். வளைந்த ஒரு தட்டைக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த அசைவு பல்சக்கரம் வழியாக ஊசியைத் திருப்பும். 1849-ல் பிரான்ஸில் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு இது. ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரில் பார்க்கும் மீட்டரும் இதே வம்சம்தான்.

இதில் பலர் தவறவிடும் விஷயம், அழுத்தம் வேறு, ஆயில் ஓட்டம் வேறு. தோட்டத்து ஹோஸ் பைப் நுனியை விரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆனால், செடிக்குப் போகும் தண்ணீர் குறையும். இன்ஜினிலும் கேஜுக்கு அப்பால் எங்காவது அடைப்பு இருந்தால் ஊசி ஜம்மென்று உயரத்தில் நிற்கும். அந்தப் பக்கம் பேரிங் காய்ந்துகொண்டிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் கெட்டியாக இருப்பதால் ஊசி மேலே இருக்கும். சூடானால் இறங்கும், ஐடிலிங்கில் இன்னும் இறங்கும். இதெல்லாம் நோயல்ல, இயல்பு.

எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால், ஒரே பதில் கிடையாது. ஆயிரம் ஆர்.பி.எம்-முக்கு 10 பி.எஸ்.ஐ என்று கார்காரர்கள் சொல்லும் கணக்கை பைக்குக்குத் தூக்கிவரக் கூடாது. ஹார்லி டேவிட்சனையே பாருங்கள். சூடான நிலையில் அதன் ட்வின் கேம் இன்ஜினுக்கு 2,000 ஆர்.பி.எம்-மில் 30 முதல் 38 பி.எஸ்.ஐ சரியான அளவு. அதே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ்டர் இன்ஜினுக்கு 2,500 ஆர்.பி.எம்-மில் 10 முதல் 17 பி.எஸ்.ஐ இருந்தாலே போதும். ஒன்றின் நல்ல அளவு, இன்னொன்றுக்கு அபாய மணி! உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் எண் இருந்தால் அதுதான் வேதம். இல்லையென்றால், வண்டி நன்றாக இருக்கும்போது சூடான ஐடிலிங்கில் ஊசி எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதிலிருந்து விலகினால் மட்டும் கவலைப்படலாம்.

மாட்டுவதில்தான் வில்லங்கம்

இன்ஜினில் ஏற்கெனவே ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்தால் வேலை சுலபம். அந்த ஓட்டையில் 'டி' ஜாயின்ட் போட்டு, ஒரு பக்கம் பழைய சுவிட்ச், மறுபக்கம் கேஜ். எச்சரிக்கை விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு கேஜை மட்டும் வைப்பது புத்திசாலித்தனமல்ல. வளைவில் திரும்பும்போது யாரும் ஊசியைப் பார்க்கப்போவதில்லை. சிவப்பு விளக்குதான் கண்ணை இழுக்கும்.

மரை விஷயத்தில் ரொம்ப உஷார் தேவை. இந்த ஓட்டைகளில் அதிகம் வருவது எட்டில் ஒரு பங்கு பிரிட்டிஷ் பைப் மரை. அதற்கு அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்க அளவு கேஜ்களில் அதே 'எட்டில் ஒன்று' மரைக்கு 27 புரி, விட்டமும் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூட. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். முதல் இரண்டு சுற்று கையிலேயே ஏறும், அப்புறம் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினிய கேஸிங்கின் மரை போச்சு. 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும் இதே குடும்பத்துக் குழப்பம்தான். கையில் லேசாக ஏறவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வெள்ளை டெஃப்லான் டேப்பை தாராளமாகச் சுற்றுவதும் வழக்கம். அதன் பிசிறு உள்ளே போனால் ஆயில் துளையை அடைக்கும். எலெக்ட்ரிக் கேஜின் சென்ஸாராக இருந்தால் இன்னொரு தலைவலி: ஒற்றை ஒயர் சென்ஸார்கள் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. டேப் சுற்றினால் எர்த் கெட்டு, ஊசி பொய் சொல்லும்.

மெக்கானிக்கல் கேஜ் என்றால் சூடான ஆயிலே மெல்லிய குழாயில் ஹேண்டில்பார் வரை ஏறி வரும். விலை குறைவான செட்களில் அது நைலான் குழாய். சைலென்ஸரில் பட்டு உருகினாலோ, ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி மடிந்து உடைந்தாலோ, ஆயில் உங்கள் தொடையிலும் பின் டயரிலும்தான் கொட்டும். மலைப்பாதை வளைவில் அதை யோசித்துப் பாருங்கள். கேஜை இன்ஜின் அருகிலேயே குட்டையான உலோக இணைப்பில் வைப்பது, அல்லது சென்ஸார் கீழேயும் ஒயர் மேலேயும் வருகிற எலெக்ட்ரிக் ரகம் - இரண்டில் ஒன்றுதான் என் சாய்ஸ். புல்லட் போன்ற ஒற்றை சிலிண்டர் அதிர்வுக்கு, உள்ளே கிளிசரின் நிரப்பிய கேஜாக வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி சாமியாடும்.

பழைய புல்லட்டில் ராக்கருக்குப் போகும் வெளிக்குழாயில் கேஜ் மாட்டுகிறவர்கள் உண்டு. எந்தக் கிளையில் மாட்டுகிறோமோ, அந்தக் கிளையின் அழுத்தம்தான் தெரியும். கிராங்க் பக்கம் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. அனுபவசாலி மெக்கானிக்குகள் அந்தக் குழாயின் பேன்ஜோ போல்ட்டைத் தளர்த்தி, ஆயில் கசிந்து வருகிறதா என்று கண்ணால் பார்த்தே திருப்தி அடைவார்கள். செலவு பூஜ்யம்.

நிரந்தரமாக மாட்டாமலும் பயன்படுத்தலாம். இன்ஜின் வேலை முடித்த வண்டியிலோ, செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகும் பெரிய பைக்கிலோ, ஒர்க்‌ஷாப் கேஜைத் தற்காலிகமாகப் பொருத்தி, சூடானதும் அளவெடுத்து, கழற்றி, பழைய சுவிட்சைத் திரும்பப் போட்டுவிடச் சொல்லுங்கள். வாரன்டியில் இருக்கும் புது வண்டி என்றால், ஷோரூமில் கேட்காமல் ஆயில் பாதையில் கைவைக்க வேண்டாம்.

ஜவ்வாது ஏறுகிறவர்களுக்கு கேஜைவிட முக்கியமானது டிப்ஸ்டிக். ஏற்றத்தில் சின்ன கியரில், குறைந்த வேகத்தில், காற்று போதாமல் இன்ஜின் கொதிக்கும், ஆயில் இளகும். இறக்கத்தில் வண்டி மூக்கு குனிந்தே போகும். ஆயில் குறைவாக இருந்தால், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்ச வாய்ப்பு உண்டு. சந்தவாசல் சமவெளியிலேயே டீ குடிக்க நிறுத்தும்போது பார்த்துவிடலாம். பழைய புல்லட் என்றால் ஒரு எச்சரிக்கை: நாள் கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் டேங்க்கிலிருந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது அளந்து 'குறைவு' என்று ஊற்றினால் அதிகமாகிவிடும். சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு அளக்க வேண்டும்.

ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஊசி சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலோ, 'அடுத்த ஊர் வரை போயிடலாம்' என்று நினைக்காதீர்கள். கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சை அழுத்தி, ஓரம்கட்டுங்கள். இன்ஜின் ஜாமானால் பின்சக்கரமும் கூடவே லாக் ஆகும். அந்த நொடியில் இடதுகை கிளட்சில் இருந்தால்தான் வண்டி நேராக நிற்கும். பிறகு கசிவு இருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் இருக்கிறதா, ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லையென்றால் கிக்கரில் கால் வைக்க வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் மினி லாரியில் ஏற்றி, போளூருக்குக் கொண்டுபோங்கள்.