வீடு யார் தலையில்?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக உறுப்பினராகியிருக்கும் ஓர் இளம் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். கணவன் மனைவி இருவருக்கும் வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. "நீங்க எல்லாம் எப்படி ஆன்ட்டி சமாளிச்சீங்க? எங்க வீட்டில் தினமும் காலையில் ஒரு யுத்தம் நடக்குது" என்றாள். நின்றபடியே ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சொன்னது போதாது என்று பட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு இதில் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. முப்பத்தோரு வருடம் முலுண்டிலிருந்து ஃபோர்ட்டுக்கு லோக்கல் ரயிலில் போய் வந்து, ஒரு பிள்ளையை வளர்த்து, ஓய்வு பெற்றவள். அவ்வளவுதான் என் தகுதி.

எங்கள் வீடு ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக நடந்த வீடுதான். ஆனால் அந்த ஒழுங்கு முழுவதும் என் மண்டைக்குள் இருந்தது. பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி, பையனுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது, காஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றினோம், ஸ்கூலில் எந்தக் கிழமை வெள்ளைச் சட்டை, எல்லாம் மனப்பாடம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் 2005 ஜூலை 26 வரை நீடித்தது.

அன்றைய மழையைப் பற்றி மும்பைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். ஆனால் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர் மட்டுமே என்பது பலருக்கு நினைவிருக்காது. ஃபோர்ட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு, நகரம் மூழ்கிக்கொண்டிருப்பது ரயில் நின்ற பிறகுதான் உறைத்தது. நான் வி.டி. ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்துவிட்டு ஆபீஸுக்கே திரும்பி வந்தேன். என் கணவர் அந்தேரியில் தம் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டார். ஆறு வயதுப் பையன் முலுண்டில், ஸ்கூல் விட்டதும் நாங்கள் விட்டுவைக்கும் காக்குவின் வீட்டில். காக்கு என்றால் மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரி. குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நல்ல மனுஷி. இரவு அவனைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டார்.

ராத்திரி பத்து மணிக்குப் பையனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு வீஸிங் உண்டு. காக்கு என் மொபைலுக்குப் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. கடைசியில் என் கணவரின் தொழிற்சாலை டெலிபோனில் பிடித்துவிட்டார். அதே கட்டடத்தில் இருந்த ஒரு டாக்டர் போனை வாங்கிக் கேட்டிருக்கிறார்: என்ன மருந்து கொடுக்கிறீர்கள், எத்தனை தடவை, எந்த மருந்தாவது அவனுக்கு ஒத்துக்கொள்ளாதா? "நீலக் கலர் பம்ப்" என்பதற்கு மேல் இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லவேளையாக டாக்டரிடம் ஒரு பம்ப் இருந்தது. பையன் அரை மணியில் தூங்கிவிட்டான். மறுநாள் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் யாரோ ஏற்றிக்கொண்ட லாரியிலுமாக நான் வீடு வந்து சேர்ந்தபோது, இவர் பவாய் வழியாக நடந்து எனக்கு முன்பே வந்திருந்தார்.

எனக்குக் கோபமான கோபம். பெற்ற பிள்ளைக்கு என்ன மருந்து என்றுகூடத் தெரியாதா? அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "டாக்டர் கேட்டப்போ ரொம்ப அவமானமாப் போச்சு. ஆனா நீ என்னிக்காவது என்னை டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால் இல்லைதான். அவர் கூட்டிப் போனால் சரியாகக் கேட்டு வரமாட்டார் என்று நானேதான் ஒவ்வொரு முறையும் அரை நாள் லீவு போட்டு ஓடியிருக்கிறேன்.

அந்த வாரமே வீட்டை என் தலையிலிருந்து இறக்கி வைக்க ஆரம்பித்தோம். முதலில் காலண்டர். 1973ல் ஜெயந்த் சால்காவ்கர் தொடங்கிய காலநிர்ணய் இந்த ஊரில் அநேகமாக எல்லா வீட்டு அடுக்களையிலும் தொங்கும். நாங்களும் அதைத்தான் மாட்டினோம், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு பேனாவை நூலில் கட்டி. சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள், ஸ்கூல் ஃபீஸ் கடைசித் தேதி, டாக்டர் வரச் சொன்ன நாள் எல்லாம் அதில் ஏறும். எங்கள் மூவர் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் முப்பத்தைந்து நாளுக்குக் குறையாமல் வரும் என்பதே இப்படி எழுதி வைத்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை தீர்ந்த பிறகு பதறுவதுதான் வழக்கம். ஒரு நிபந்தனையும் போட்டுக்கொண்டோம். காலண்டரில் எழுதாத விஷயத்துக்காக யாரும் யாரையும் "ஏன் மறந்தாய்" என்று கேட்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையால் குறைந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்தது வேலைப் பங்கீடு. இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். "நான் என்ன ஹெல்ப் பண்ணட்டும், சொல்லு" என்று கணவர் கேட்பார். நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் என்ன தீர்ந்திருக்கிறது, எது நாளைக்கு வேண்டும் என்று பார்த்து, ஞாபகம் வைத்து, அவரிடம் சொல்வது யார் வேலை? மனைவியின் வேலை. கடைக்குப் போய் வருவது அதில் சின்னப் பகுதி. அதனால் நாங்கள் வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழுசு முழுசாகப் பிரித்தோம். ஸ்கூல் என்றால் ஃபீஸ், யூனிஃபார்ம், ஷூ சின்னதாகிவிட்டதா என்று பார்ப்பது, பெற்றோர் கூட்டம் எல்லாமே ஒருவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் அது அவருடையது. மருந்து, டாக்டர் இரண்டையும் வேண்டுமென்றேதான் அவரிடம் ஒப்படைத்தேன். துணி துவைப்பதும் இஸ்திரிக்காரர் கணக்கும் அவருக்கு. சமையல், மளிகை, பாயி, வங்கிக் கணக்கு எனக்கு.

கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். முதல் மாதமே ஒரு சிவப்புத் துண்டோடு யூனிஃபார்ம் சட்டைகளைப் போட்டு மூன்றையும் ரோஸ் கலராக்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை எல்லாக் குழந்தைகளும் கலர் டிரஸ்ஸில் போக, எங்கள் பையன் மட்டும் யூனிஃபார்மில் போய் அழுதுகொண்டு வந்தான். வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசை. உண்மையில் முதல் தடவை விழுங்கவில்லை, நன்றாகவே கேட்டுவிட்டேன். இரண்டாவது தடவைதான் விழுங்கினேன். ஆனால் ஒரு வருடத்தில் பையனின் வகுப்பு டீச்சருக்கு என்னைவிட அவரைத்தான் நன்றாகத் தெரியும் என்ற நிலை வந்தது. பையனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

சமையலறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நேரம் அதிகம் போவது அங்கேதான். நம் சாப்பாடு நாசூக்கானது. ரொட்டி சப்ஜி மாதிரி இரண்டில் முடியாது. சாம்பார், ரசம், கறி என்று தினமும் மூன்று அடுப்பு கேட்கும். வார நாட்களில் அதை விட்டுவிட்டேன். ஒரு நாள் குழம்பு, ஒரு நாள் ரசம், கூட ஒரு காய். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு கிரைண்டரில் ஒரே ஈடாக அரைத்துவிடுவேன். மும்பையில் மே மாதம் ஐந்தாறு மணி நேரத்தில் மாவு பொங்கி வழியும். ஜனவரியில் பாத்திரத்துக்குப் போர்வை போர்த்த வேண்டும். திங்களன்று இட்லி, செவ்வாய், புதனில் தோசை, வியாழனன்று புளித்த மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். வெள்ளிக்கு ரவா உப்புமா. இதே வரிசைதான் வருடம் முழுவதும். "இன்னிக்கு என்ன டிபன்" என்ற கேள்வியே வீட்டில் எழாது. போரடிக்கவில்லையா என்று கேட்பார்கள். காலை ஏழு மணிக்கு யாருக்கும் போரடிக்க நேரமில்லை.

காய் நறுக்குவது வீட்டு வேலை என்று நினைப்பவர்கள் எங்கள் ரயிலைப் பார்த்ததில்லை. 1992 மே 5 அன்று மேற்கு ரயில்வேயில் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே பெண்களுக்கென்றே ஒரு முழு ரயில் விட்டபோது பேப்பரில் எல்லாம் வந்தது. எங்கள் மத்திய ரயில்வேயிலும் பிறகு லேடீஸ் ஸ்பெஷல் வந்தது. மாலையில் வி.டி.யில் கிளம்பும் வண்டியில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் மடியில் பேப்பரை விரித்துவிடுவோம். பட்டாணி உரிப்பது, கொத்தவரங்காய் கிள்ளுவது, வெந்தயக்கீரை ஆய்வது. காட்கோபர் வருவதற்குள் மறுநாள் காய் தயார். பக்கத்தில் இருப்பவள் கேட்காமலே கையை நீட்டி ஒரு பிடி எடுத்துக்கொள்வாள். நானும் எத்தனையோ பேர் வீட்டுப் பட்டாணியை உரித்திருக்கிறேன். இடம் கிடைக்காத நாட்களில் ஸ்டேஷன் வாசலில் நறுக்கிய காய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். இரண்டு ரூபாய் அதிகம்தான், போகட்டும்.

வீட்டு வேலைக்கு வரும் பாயி கணபதிக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போவார். சொல்லாமல் போனார் என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. வருடா வருடம் அதே நாட்களில்தானே போகிறார்? ஜனவரியிலேயே காலண்டரில் அந்த வாரங்களை வட்டமிட்டுவிடுவேன். அந்த வாரம் வீடு பெருக்குவது ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாத்திரம் மூவருக்கும் பங்கு. பையன் எட்டு வயதிலிருந்து தன் பையைத் தானே இரவில் அடுக்குவான், தண்ணீர் பாட்டில்களை நிரப்புவான். பாட்டி ஊரிலிருந்து வந்தபோது "ஆம்பளைப் பிள்ளையை ஏண்டி படுத்தறே" என்றார். படுத்தத்தான் படுத்தினேன்.

சில வேலைகளை ஒரேயடியாக விட்டேன். தீபாவளி முறுக்கு மாதுங்காவில் வாங்கினது. வாசலுக்கு ஸ்டிக்கர் கோலம். மாமியார் இரண்டையும் பார்த்தார், முறுக்கை மட்டும் சாப்பிட்டார்.

இதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாம் செல்போனில் பத்து நிமிடத்தில் வருகிறதே என்று அந்த இளம் பெண்ணும் சொன்னாள். வருகிறது, சரி. எது தீர்ந்தது என்று யார் பார்க்கிறார்கள்? அவள் குழந்தையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் அம்மாக்கள்தானாம். மத்திய அரசு 2024ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்திருக்கிறது. ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019ல் இது 299, 97. ஐந்து வருடத்தில் இருவருக்குமே சுமார் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் நேரத்தை யாராவது தனியாகக் கணக்கெடுத்தால் நன்றாயிருக்கும்.

2017ல் திருத்திய சட்டத்தில் பிரசவ விடுப்பு 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் காலத்தில் இரண்டும் இல்லை. இருப்பவர்கள் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணி லோக்கலில் கைக்குழந்தையோடு எப்படி ஏறுவது என்பது வேறு விஷயம்.

கடைசியாக எங்கள் நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும், செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மழை நாளில் முதலில் சாவது அதன் சார்ஜ்தான். முதல் பக்கத்தில் குழந்தையின் ரத்த வகை, வழக்கமான மருந்தின் பெயர், அளவு, ஒத்துக்கொள்ளாதது. இரண்டாம் பக்கத்தில் இருவரின் ஆபீஸ் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், சாவி யாரிடம் இருக்கிறது என்பது. முதல் பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்து, ஒன்றைக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுங்கள், ஒன்றைப் பள்ளிப் பையில் வையுங்கள். மருந்தின் அளவைப் பென்சிலில் எழுதுங்கள். குழந்தை எடை ஏற ஏற டாக்டர் அதை மாற்றுவார்.