‘எடை 58’ என்று வாயால் சொன்னால் போதுமா? கிளினிக் எண்களுக்குப் பின்னால் உள்ள குறியீடுகள்

மருத்துவரைப் பார்க்கும் முன் எடை, உயரம், இரத்த அழுத்தம் எடுப்பது கிளினிக்குகளில் வழக்கம். சில இடங்களில் நாடாவால் இடுப்பைச் சுற்றியும் அளப்பார்கள். பார்மசியில் உள்ள சில இயந்திரங்களில் ஏறி நின்றால் உடலில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்ற சீட்டும் கிடைக்கும். நம்மில் பலர் இந்த எண்களைக் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால், நீரிழிவும் இருதய நோயும் யாருக்கு வரக்கூடும் என்று மருத்துவர் கணிப்பதற்கு இவை முக்கியத் தடயங்கள்.

ஓர் எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அது முழுத் தகவல் ஆகாது. அதை யார் அளந்தார்கள், எங்கே அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவரின் உயரம் 160 சென்டிமீட்டர். தாதி கேட்டபோது, பழைய ஞாபகத்தில் “58 கிலோ” என்கிறார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 22.7 ஆகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். அவரையே தராசில் ஏற்றினால் 64 கிலோ. இப்போது பி.எம்.ஐ. 25. மனிதர் ஒருவர்தான். ஆனால் சொன்ன எடை ஒரு முடிவையும் நிறுத்த எடை வேறொரு முடிவையும் தருகின்றன.

லோயிங்க் என்பது என்ன?

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே மருத்துவ அளவீடுகளுக்கு அனைத்துலகக் குறியீடுகள் உள்ளன. அவற்றுள் பரவலாகப் பயன்படுவது லோயிங்க். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரிலுள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் கழகம் 1994-இல் இதனைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இதில் ஒவ்வோர் அளவுக்கும் தனி எண் உண்டு. உடல் உயரத்துக்கு 8302-2. பி.எம்.ஐ.க்கு 39156-5. எடைக்குப் பொதுவாக 29463-7. ஆனால் தராசில் நிறுத்த எடை என்றால் 3141-9, நோயாளி வாயால் சொன்ன எடை என்றால் 3142-7. மேலே பார்த்த 58-உம் 64-உம் இவ்வாறு பிரிந்துவிடும். இன்னொரு மருத்துவமனையில் அந்தப் பதிவைத் திறக்கும் மருத்துவருக்கும் எது அளந்தது, எது சொன்னது என்பது தெரியும்.

எண்ணின் கடைசியில் கோட்டுக்குப் பின் வரும் இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். தட்டச்சில் தவறு நேர்ந்தால் கணினி அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியும். இந்தக் குறியீடுகளைத் தாதியர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மென்பொருள் பின்னணியில் சேர்த்துக்கொள்ளும்.

இடுப்பும் கொழுப்பும்

இடுப்புச் சுற்றளவிலும் இதே சிக்கல்தான். தொப்புள் மட்டத்தில் நாடா பிடித்து அளப்பதற்கு 8280-0 என்ற குறியீடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனமோ கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் அளக்கச் சொல்கிறது. இரண்டு இடங்களிலும் ஒரே அளவு வர வேண்டும் என்பதில்லை. ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுவதால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம்கூட முடிவை மாற்றிவிடலாம்.

அளந்த கொழுப்பு விழுக்காட்டுக்கு 41982-0. கொழுப்பைக் கிலோவில் சொன்னால் குறியீடு வேறு. பார்மசி இயந்திரம் மெல்லிய மின்னோட்டத்தை உடலில் செலுத்திக் கணக்கிடுகிறது. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் விடையும் மாறும். எனவே அதை மருத்துவமனையில் எக்ஸ்ரே முறையில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு, கூடிவிட்டது குறைந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது.

எண் ஒன்று, எல்லை இரண்டு

குறியீடு அளவை மட்டுமே அடையாளம் காட்டும். அந்த அளவு நல்லதா கெட்டதா என்று சொல்லாது. பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டால் அதிக எடை என்பது பொதுவான உலகக் கணக்கு. ஆசியர்களுக்கு 23-லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் கூறியது.

இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. ஒரே பி.எம்.ஐ. இருந்தாலும் ஐரோப்பியர்களைவிட இந்தியர் உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு அதிகம் சேர்கிறது. ஆள் ஒல்லியாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிட முடியாது. 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். அதுவும் 25 என்ற எல்லையை வைத்து எடுத்த கணக்கு.

நாம் செய்யக்கூடியவை

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் ஒருவரின் குறிப்புகள் இரண்டு மூன்று கிளினிக்குகளில் சிதறிக் கிடக்கும். கணினிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசும் காலம் வரும்வரை ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் கைகொடுக்கும். தேதி, எடை, உயரம், இடுப்பளவு ஆகியவற்றோடு, எங்கே எந்தக் கருவியில் எடுத்தது என்பதையும் குறித்து வையுங்கள். எடை கேட்டால் ஞாபகத்தில் சொல்லாமல் தராசில் ஏறுங்கள். வயதாகும்போது உயரம் குறைவதால், முதியவர்கள் உயரத்தையும் மறுபடி அளந்துகொள்வது நல்லது.

எஸ்.டி.ஆர். உதவி பெறும் குடும்பங்களில் 40 வயதை எட்டியவர்களுக்கு, பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவச உடல் பரிசோதனை உண்டு. அதற்குப் போகும்போது அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.