விஞ்ஞானம் விளையாட்டுதான், வரவு செலவு விளையாட்டல்ல!

"வீட்டு மாடி சும்மாதானே கிடக்கிறது, குழந்தைகளுக்கு விஞ்ஞானச் செய்முறை வகுப்பு ஆரம்பித்தால் என்ன?" என்று வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துச் சகோதரிகள் சிலர் என்னிடம் கேட்டார்கள். பேஷாக ஆரம்பிக்கலாம். முதலில் பென்சிலை எடுங்கள், கணக்குப் போட்டுவிடுவோம்.

சாமான் செலவுதான் பெரிது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! காந்தம், லென்ஸ், பாட்டரி, செம்புக் கம்பி, பலூன், அடுக்களையிலிருந்து மஞ்சள் தூள், எலுமிச்சம்பழம் இருந்தால் ஒரு மாதம் ஓடிவிடும். நம் ஊருக்கென்றே ஒன்று உண்டு. கடுக்காய் ஊறிய தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள். தண்ணீர் மை மாதிரி கறுத்துவிடும். கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள அந்தத் துவர்ப்புச் சத்துதான் பச்சைத்தோலை அழுகாமல் பதப்படுத்துகிறது. அதற்காகத் தோல் ஷெட்டிலிருந்து அமிலமோ குரோம் உப்போ கொண்டுவரக் கூடாது. குழந்தைகள் தொடும் பொருள் அல்ல.

பெரிய செலவு எது? சொல்லித்தரும் ஆளின் சம்பளம். உதாரணத்துக்கு, 20 குழந்தைகள், தலைக்கு மாதம் 500 ரூபாய் என்றால் வரவு 10,000. மாலை நேர ஆசிரியைக்கு 6,000, சாமான் தலைக்கு 50 வீதம் 1,000, கரண்ட், உடைசல் 1,000. மிச்சம் 2,000. வாடகை இருந்தால் அதுவும் போச்சு! மார்ச் பரீட்சையில் ஐந்து பேர் நின்றுவிட்டால் கையிலிருந்து 250 ரூபாய் போடவேண்டும். ஆகவே மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். மே மாத முகாமை விடாதீர்கள். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போங்கள். அதற்கு வாடகையே கிடையாது.

கனடாவில் மான்ட்ரியல் நகரத்துச் சகோதரர்கள் இருவர் 1985-ல் தொடங்கிய 'மேட் சயன்ஸ்' இப்படித்தான் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கே போய் வளர்ந்தது. பிறகு பெயரையும் முறையையும் பிற நாட்டாருக்கு உரிமமாகக் கொடுத்தது. சான்பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் திறந்த 'எக்ஸ்ப்ளோரடோரியம்' தொட்டுப் பார்க்கும் கூடங்களுக்கெல்லாம் முன்மாதிரி. டிக்கெட்டோடு நன்கொடையும் சேர்ந்தால்தான் அதுவும் நடக்கிறது. நம் சத்துவாச்சாரியிலேயே அரசின் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு 500 ரூபாய் லேசான தொகையா? ஜோலார்பேட்டை தாண்டி ரயிலில் போனால் வரும் குப்பத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். வங்கி வேலையை விட்டுவந்த ராம்ஜி ராகவன் 1999-ல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளை, நன்கொடையாளர் பணத்தில், வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் சோதனைச் சாமான்களை ஏற்றி அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது.

நம்மால் அவ்வளவு முடியாது. கணக்கைத் திரும்பப் பாருங்கள். அந்த 20 இடத்திலேயே நான்கை இலவசமாக்கினால் மிச்சம் 2,000-ம் போய்விடும். 20 பேருக்கு மேல் நான்கு பேரைச் சேர்த்தாலோ கூடுதல் செலவு சாமானுக்கு 200 ரூபாய்தான்! நாலு நாலு பேராக ஆறு மேஜை. ஒரு மேஜைக்கு ஒரு லென்ஸ். அந்த 200-ஐ ஊரில் ஒரு கடைக்காரரைக் கேட்டால் தரமாட்டாரா?

யார் பணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது உங்கள் நோட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும். மேஜைக்குத் தெரியவேண்டாம்.