நோய் வரும் முன்பே காப்பீட்டு அட்டை



நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் மருத்துவ உதவி கேட்டு வருபவையே அதிகம். சென்ற ரமலானில் ஒரு சகோதரி வந்தார். கணவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. நெஞ்சுவலி என்று தனியார் மருத்துவமனையில் சேர்த்து, அறுவை சிகிச்சையும் முடிந்திருந்தது. பில் 3 லட்சத்துக்கு மேல். நகைகள் அடகுக்குப் போய்விட்டன, வட்டிக்கும் வாங்கியாகிவிட்டது. ஜக்காத் நிதியிலிருந்து எங்களால் கொடுக்க முடிந்தது 15,000 ரூபாய்தான். "காப்பீட்டு அட்டை இருக்கிறதாம்மா?" என்று கேட்டோம். "அது எங்களுக்கெல்லாம் கிடைக்குமா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்காகவே 2012 முதல் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடந்து வருகிறது. 2018-ல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகள் பலவும் இதில் அடங்கும். ஏற்கனவே உள்ள நோய் என்று சொல்லி ஒதுக்க மாட்டார்கள்.

"இன்சூரன்ஸ் ஆயிற்றே, கூடுமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். இதில் நாம் பிரிமியம் எதுவும் கட்டுவதில்லை, அரசே கட்டுகிறது. பாலிசி வாங்குவது வேறு, அரசு தரும் மருத்துவ உதவியைப் பெறுவது வேறு. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தயக்கத்திலேயே நாட்களைக் கடத்த வேண்டாம்.

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் மட்டுமே அட்டை செல்லும். எனவே சேர்க்கும்போதே "காப்பீடு உண்டா?" என்று கேளுங்கள். இரண்டாவது, சிகிச்சைக்கு முன் அனுமதி பெற வேண்டும். கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டிக் கேட்க முடியாது. மூன்றாவது, சாதாரண காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது, வெளியே மருந்து வாங்குவது போன்ற செலவுகள் இதில் வராது.

பதிவு செய்ய, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகளுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்களுக்கே பயன் கிடைக்கும். எனவே புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர்களை முதலில் சேர்த்துவிடுங்கள். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்களே எழுதித் தருகிறோம். படித்த பிள்ளைகள் தங்கள் தெருவில் உள்ள விதவைகள், முதியவர்கள் வீடுகளுக்குச் சென்று அட்டை இருக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். அதுவும் ஸதகாதான்.

நோயும் ஷிஃபாவும் அல்லாஹ்வின் கையில். நோய் வந்த பிறகு அட்டைக்காக அலையாமல், இன்றே பதிந்து வைப்பது நம் கையில் இருக்கிறது.