திரும்பி வரும் நோய்க்கு ஒரு தடுப்பு

மனச்சோர்வு நோய் வருவதைவிடக் கொடியது அது திரும்பி வருவது. ஒருமுறை அதில் விழுந்து எழுந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது மறுபடியும் பிடிக்கிறது. வந்துபோகும் ஒவ்வொரு முறையும், அடுத்த முறை வருவதற்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. இதைத் தடுக்க மாத்திரையைத் தவிர வேறு வழி உண்டா என்று 1990களில் தேடிய உளவியலாளர்கள் மூவர்: சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் 1979 முதல் நடத்திவந்த எட்டு வார வகுப்பு அவர்கள் கண்ணில் பட்டது. பௌத்தத் தியான மரபிலிருந்து சமயச் சடங்குகளை விலக்கி எடுத்த பயிற்சி அது. தீராத வலியோடு வந்தவர்களுக்கு மூச்சையும் உடலையும் மனதில் எழும் எண்ணங்களையும் எடைபோடாமல் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று உலகமெங்கும் பேசப்படுவது பெரும்பாலும் இந்த வகுப்பின் வாரிசுதான். மூவரும் அதோடு உளவியல் சிகிச்சை முறைகளைச் சேர்த்து, மனச்சோர்வு திரும்புவதைத் தடுக்கவென்றே ஒரு பயிற்சியை வடிவமைத்தார்கள்.

2000இல் வெளியான அவர்களது முதல் ஆய்வின் முடிவை இந்தத் துறையில் ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் நிதானமாகப் படிக்க வேண்டும். நோயிலிருந்து மீண்ட 145 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் தந்தார்கள். மற்றொரு பிரிவுக்குப் பயிற்சியையும் சேர்த்துத் தந்தார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டிருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் நோய் திரும்பியது. பயிற்சி பெற்றோரில் அது 37 சதவீதம். ஆனால் இரண்டு முறை மட்டுமே நோய் கண்டவர்களுக்குப் பயிற்சியால் எந்தப் பலனும் இல்லை. 2004இல் டீஸ்டேலும் ஹெலன் மாவும் செய்த ஆய்விலும் இதே பிளவு தெரிந்தது. ஒரே பயிற்சி ஒரு சாராரை ஏன் காப்பாற்றுகிறது, மறுசாராரை ஏன் கைவிடுகிறது? பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விடையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பலமுறை நோய் கண்டவருக்கு அது திரும்பி வரப் பெரிய துயரம் எதுவும் நேர வேண்டியதில்லை. ஒரு மாலை நேரச் சோர்வு போதும். அந்தச் சோர்வு பழைய எண்ணங்களை எழுப்பும்: ‘மறுபடி ஆரம்பித்துவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை.’ மனம் அதையே அசைபோடும். அசைபோட அசைபோடச் சோர்வு ஆழமாகும். பயிற்சி தலையிடுவது இந்தச் சுழலில்தான். ‘நான் லாயக்கில்லை’ என்பது உண்மையல்ல, இப்போது வந்திருக்கும் ஓர் எண்ணம் என்று அது வந்த கணத்திலேயே இனங்காண முடிந்தால், அசைபோடுதல் அங்கேயே அறுபடுகிறது. மரணம், மணமுறிவு, வேலையிழப்பு போன்ற வெளியிலிருந்து விழும் அடிகளால் நோய்வாய்ப்படுபவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2004 ஆய்வில், இரண்டு முறை மட்டும் நோய் கண்டவர்களுக்கு அது திரும்பியது பெரும்பாலும் இத்தகைய அடிகளுக்குப் பிறகுதான்.

ஆகவே இந்தப் பயிற்சி எல்லோருக்குமான டானிக் அல்ல. குறிப்பிட்ட ஒரு கோளாறுக்கான சிகிச்சை. அந்த இடத்தில் அதன் வலிமை உண்மையானது. ஒன்பது ஆய்வுகளின் 1,258 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த 2016 ஆய்வில், நோய் திரும்பும் ஆபத்து பயிற்சி பெற்றவர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிரிட்டனில் 424 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த இன்னோர் ஆய்வு, பயிற்சி பெற்று மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தவர்களையும் மாத்திரையைத் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டது. நோய் திரும்பியது முறையே 44, 47 சதவீதம் பேருக்கு. மாத்திரையை வென்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். பக்கவிளைவுகளால் மாத்திரையைத் தொடர முடியாத ஒருவருக்கோ இது பெரிய செய்தி. மனப்பதற்ற நோய்க்கும் இப்படியே: கபாட்-ஜின்னின் எட்டு வாரப் பயிற்சி எஸ்சிட்டாலோபிராம் மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நோயாளிக்கு நல்லதென்றால் நலமாக இருப்பவருக்கும் நல்லதுதானே என்ற எண்ணத்தில்தான் பள்ளிகளும் அலுவலகங்களும் இதைக் கையில் எடுத்தன. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமான பாடங்களைவிட எந்த நன்மையும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவேயில்லை. தீங்கே இல்லாத பயிற்சி என்றும் சொல்லிவிட முடியாது. 83 ஆய்வுகளை அலசிய ஒரு மதிப்பாய்வின்படி, தியானம் செய்பவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் பதற்றம், மனச்சோர்வு போன்ற பாதகமான விளைவுகளைச் சந்திக்கிறார்கள். கண்ணை மூடியதும் பழைய கொடுமை ஒன்று கண்முன் நிற்கும் மனிதருக்கு, பக்கத்தில் பக்குவமான ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும்.

உடற்பயிற்சியைவிடவோ வேறு சிகிச்சைகளைவிடவோ தியானம் மேலானது என்பதற்குச் சான்றில்லை என்று 47 ஆய்வுகளைத் தொகுத்த 2014 மதிப்பாய்வு சொன்னது. பிறகு எதற்கு இது என்று கேட்பவர்கள் உண்டு. மனநோய்ச் சிகிச்சையில் ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை. சமவலிமையுள்ள வழி இன்னொன்று கிடைப்பதே நோயாளிக்கு லாபம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு மரபை எட்டு வார ஆய்வால் அளக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பிக்குகள் நாடியது விடுதலையை. மனச்சோர்வு திரும்புமா என்பது அவர்களுடைய கேள்வி அல்ல. அதை நோயாளிகளிடம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அலுவலகங்களைப் பற்றி எழும் மூன்றாவது ஆட்சேபம் எனக்கு முழுக்கவே நியாயமாகப் படுகிறது. பன்னிரண்டு மணி நேர வேலையால் நொந்தவருக்கு நேரத்தைக் குறைப்பதுதான் பரிகாரம். மூச்சைக் கவனிக்கச் சொல்வது சுமையை அவர் தலையிலேயே திரும்ப ஏற்றுவதாகும்.

லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நம் நாட்டில் இந்தச் சிகிச்சைக்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது. வாரம் ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து உட்காரும் வகுப்பு இது. பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியர் ஆண்டுக்குப் பல குழுக்களை நடத்தலாம். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒவ்வொரு செல்போனிலும் தியானத்தைத் தூவுவதற்குப் பதில், மாவட்ட மருத்துவமனைகளுக்கு மூன்றாவது, நான்காவது முறையாகத் திரும்பி வரும் மனச்சோர்வு நோயாளிகளுக்கு, அவர்கள் சற்றுத் தேறியிருக்கும் காலத்தில், மருத்துவரின் கண்காணிப்பில் இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். செலவிடும் பணம் அங்கேதான் முதலில் போக வேண்டும்.